பயிற்சி வாசற்படியில் நடக்கட்டும்

வீடு வீடாகப் போய் நோயைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் பேச வேண்டிய பெண்களுக்கு நாம் கொடுக்கும் பயிற்சி, பெரும்பாலும் கூட்ட அறையிலேயே முடிந்துவிடுகிறது. அதில் பாதியையாவது ஊருக்குள், வீட்டு வாசலில் வைத்து நடத்த வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். தருமபுரி மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். என் வேலைக்காலத்தில் பெரும்பகுதி அடுத்தவர் வீட்டுத் திண்ணைகளில் கழிந்தது.

சில மாதங்களுக்கு முன் ஒரு வட்டாரத்தில் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி வைத்திருந்தார்கள். பழைய ஆள் என்று என்னையும் கூப்பிட்டார்கள். காலை பத்து மணிக்குத் தொடங்கி ரத்த அழுத்தம், சர்க்கரை, புற்றுநோய்ப் பரிசோதனை, காசநோய், கர்ப்பிணி கவனிப்பு என்று வரிசையாக வகுப்பு. திரையில் ஓடியதில் முக்கால்வாசி ஆங்கிலம். மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து வந்திருந்த அந்தப் பெண்கள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தார்கள். சந்தேகம் இருக்கிறதா என்று கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு என் பக்கத்தில் உட்கார்ந்த பெண் தணிந்த குரலில் கேட்டாள்: “எங்க தெருவுல ஒரு தாத்தா, மாசாமாசம் பிரஷர் மாத்திரைய வாங்கித் தலகாணிக்கு அடியில வெச்சுக்கறாருங்க. திங்கறதே இல்ல. நான் சொன்னா சிரிக்கிறாரு. அவர்கிட்ட என்னன்னு பேசறதுங்கம்மா?”

அன்று காலையிலிருந்து அந்த அறையில் யாராவது கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான். மதியத்துக்கு மேல் நடந்த வகுப்பிலும் இதற்குப் பதில் இல்லை. கைப்பேசிச் செயலியில் விவரங்களை எப்படிப் பதிவேற்றுவது என்பதே மாலை வரை ஓடியது.

இந்தத் தன்னார்வலர்கள் வேலை செய்யும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. கிருஷ்ணகிரி எங்கள் தருமபுரியோடு ஒன்றாக இருந்த மாவட்டம்தான், 2004-இல் பிரிந்தது. வீட்டுக்கே போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கும் இந்தத் திட்டத்துக்கு 2024-இல் ஐ.நா. விருதும் கிடைத்தது. எனக்கு அதில் மனசார மகிழ்ச்சி. மாத்திரை வாங்குவதற்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆரம்ப சுகாதார நிலைய வாசலில் கால் கடுக்க நின்றவர்களைப் பார்த்தவள் நான்.

மாத்திரை வீட்டுக்கு வந்துவிட்டது. அது வாய்க்குள் போகிறதா என்பதுதான் இப்போதைய கேள்வி. 2020-இல் தமிழ்நாட்டில் நடந்த ஸ்டெப்ஸ் என்ற தொற்றா நோய் ஆய்வின்படி, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதத்தினருக்கு மட்டுமே அது கட்டுக்குள் இருந்தது. சர்க்கரை நோயில் 10.8 சதவீதம். திட்டம் வந்த பிறகு நடந்த அடுத்த சுற்றில் ரத்த அழுத்தக் கட்டுப்பாடு 17 சதவீதமாக உயர்ந்தது. நல்ல முன்னேற்றம்தான். ஆனாலும் நூற்றில் எண்பதுக்கு மேற்பட்டவர்களுக்கு இன்னும் கட்டுக்குள் வரவில்லை. அந்த எண்பது பேரில் எத்தனை தாத்தாக்களின் தலையணைக்கு அடியில் மாத்திரை கிடக்கிறதோ!

பயிற்சிக்கு அடுத்த வாரம் அந்தப் பெண்ணோடு அவள் சொன்ன தாத்தாவின் வீட்டுக்குப் போனேன். வயலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். இவள் போன வேகத்தில் பையிலிருந்து பி.பி. மெஷினை எடுத்துச் சட்டைக்கை மேலேயே பட்டையைச் சுற்றப் போனாள். நான் அவளைக் கொஞ்சம் இருக்கச் சொன்னேன். நடந்து வந்தவரை ஐந்து நிமிடமாவது உட்கார வைக்க வேண்டும். முதுகு சுவரில் சாய்ந்திருக்க வேண்டும், கால் தரையில் பட வேண்டும். சட்டைக்கையைச் சுருட்டிவிட்டு வெறும் கையில் பட்டையைக் கட்டி, அந்தக் கையை நெஞ்சு உயரத்துக்கு ஒரு தலையணையில் தாங்க வைக்க வேண்டும். பார்க்கும்போது அவரும் பேசக் கூடாது, நாமும் பேசக் கூடாது. இதெல்லாம் வகுப்பில் ஒரு படமாக வந்து போனதுதான். ஆனால் நாற்காலி இல்லாத வீட்டில், கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு அதை எப்படிச் செய்வது என்று அவளுக்கு யாரும் காட்டவில்லை.

மேல் அளவு 168 காட்டியது. அவள் உடனே, “பாருங்க தாத்தா, எவ்வளவு ஏறிக் கெடக்குது, மாத்திர போடலன்னா பக்கவாதம் வந்துரும்” என்று ஆரம்பித்தாள். அவர் வழக்கம்போலச் சிரித்தார். அவள் முடித்த பிறகு நான், “ஏங்க பெரியவரே, கடைசியா எப்ப மாத்திர போட்டீங்க?” என்று மட்டும் கேட்டேன்.

“தல கிறுகிறுன்னு வந்தாப் போட்டுக்குவன் நர்சம்மா. ரெண்டு மாசமா ஒண்ணும் பண்ணல. ஒடம்பு நல்லா இருக்கறப்ப மருந்து தின்னாப் பழகிப் போயிடும், அப்புறம் வேணும்கறப்ப வேல செய்யாது.”

அவர் சிரித்ததற்குக் காரணம் இருந்திருக்கிறது. மருந்து பழகிப்போகும் என்ற பயத்தில், வேண்டிய நேரத்துக்கு ஆகட்டும் என்று சேர்த்து வைத்திருந்தார். அதைக் கேட்காமல் பக்கவாதத்தைப் பற்றி எத்தனை முறை சொன்னாலும் அவர் சிரித்துக்கொண்டுதான் இருப்பார். பிரஷர் ஏறினால் தலை சுற்றித்தான் ஆக வேண்டும் என்பதில்லை, ஒன்றுமே தெரியாமல் உள்ளுக்குள் இருக்கும், அதனால்தான் இந்தக் கருவியை வைத்துப் பார்க்கிறோம் என்று அவருக்கு விளங்கும்படி சொன்னோம். இந்த மாத்திரையைத் தினமும் போட்டால்தான் வேலை செய்யும் என்றோம். அவ்வளவுதான். உப்பைப் பற்றியோ ஊறுகாயைப் பற்றியோ அன்றைக்கு வாயே திறக்கவில்லை. கிளம்பும்போது, “நாங்க சொன்னத உங்க மருமகளுக்கு ஒருக்கா நீங்களே சொல்லுங்க பாக்கலாம்” என்றேன். சொன்னார். பாதிக்கு மேல் சரியாக வந்தது. விட்டதை மறுபடியும் சொல்லிக்கொடுத்தோம். ராத்திரி களி போடும்போதே மாத்திரையையும் எடுத்துக் கொடுப்பது மருமகள் பொறுப்பு என்று முடிவாயிற்று. அடுத்த மாதம் பார்த்தபோது 146. இன்னும் குறைய வேண்டும். கருவாட்டைப் பற்றியும் ஊறுகாயைப் பற்றியும் அதன்பிறகுதான் பேசினோம்.

முதலில் கேள், பிறகு ஒரே ஒரு சேதியைச் சொல், கடைசியில் அவர் வாயால் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேள். வீட்டில் போய்ப் பேசுவதற்கு இந்த மூன்றும் தெரிந்தால் போதும் என்பது என் அனுபவம். கேட்க எளிது. ஆனால் இதை ஒருவர் கூடவே நின்று செய்து காட்டி, பிறகு நம்மைச் செய்ய விட்டுத் திருத்தினால்தான் கைவரும். சைக்கிள் ஓட்டப் பழகுவது மாதிரி, பாடம் எழுதி வராது.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் (2019–21) தமிழ்நாட்டைப் பற்றி வந்த இரண்டு எண்களை யோசித்துப் பாருங்கள். பிரசவங்களில் 99.6 சதவீதம் மருத்துவமனையில் நடக்கின்றன. கர்ப்பிணிகளில் 48.3 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருக்கிறது. ஆஸ்பத்திரி கட்டியும் ஆம்புலன்ஸ் விட்டும் உதவித்தொகை கொடுத்தும் சாதிக்க வேண்டியதை இந்த மாநிலம் சாதித்துவிட்டது. மீதி இருப்பது அடுப்படியிலும் சாப்பாட்டுத் தட்டிலும் மாமியார், மருமகள் பேச்சிலும் இருக்கிறது. அங்கே ஆம்புலன்ஸ் போக முடியாது. பேசத் தெரிந்த ஒரு பெண்தான் போக முடியும்.

கர்ப்பிணிக்கு இரும்புச்சத்து மாத்திரை 180 நாளுக்குக் கொடுக்கிறோம். ஏழாம் மாதத்துப் பெண் ஒருத்தியின் வீட்டில், கடப்பைக்கல் அலமாரியின் மேல்தட்டில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் அட்டை அட்டையாக அந்த மாத்திரை பிரிக்கப்படாமல் கிடந்தது. சாப்பிடுகிறாயா என்றால் தலையை ஆட்டினாள். மாமியார்தான் வெளிப்படையாகப் பேசினார். “அத்தன மாத்திர தின்னா புள்ள வயித்துலயே பெருத்துரும் நர்சம்மா. அப்புறம் கத்தி வெக்கணும்பாங்க. நாங்கல்லாம் என்னத்தத் தின்னு பெத்தோம்?”

மருமகளைத் தனியே கேட்டால் வேறு கதை. இரண்டு நாள் சாப்பிட்டிருக்கிறாள். குமட்டல். மலம் கறுப்பாகப் போயிருக்கிறது. வயிற்றுக்குள் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து நிறுத்திவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. இரும்புச்சத்து போனால் மலம் கறுக்கும், அதில் பயமில்லை என்று ஒரு வரி முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்த டப்பா பாதி காலியாகியிருக்கும். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுவிட்டுப் படுத்தால் குமட்டல் தெரியாது. டீயோடு சேர்த்துப் போடக் கூடாது, டீ இரும்புச்சத்தை உடம்பில் ஒட்ட விடாது. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கூட இருந்தால் நல்லது. சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் இதையும் ஒரே வேளையில் போடக் கூடாது. மாமியாரிடம் பேச வேண்டியது வேறு. அவர் ஊரில் பிரசவத்தின்போது ரத்தம் போய் இறந்த பெண்களை அவருக்கே தெரியும். உடம்பில் ரத்தம் குறைவாக இருப்பவள் கொஞ்சம் ரத்தம் போனாலும் தாங்க மாட்டாள் என்பதை அவர் பார்த்ததிலிருந்தே எடுத்துச் சொன்னால் எதிர்ப்பு குறைகிறது. ஒரே வீட்டில் இரண்டு பேர், இரண்டு பயம், இரண்டு பேச்சு. வகுப்பில் கொடுக்கும் துண்டுப் பிரசுரத்தில் இருப்பதோ ஒரே வாசகம்: ‘தினமும் ஒரு மாத்திரை சாப்பிடுங்கள்.’

இந்தியாவில் நன்றாக நடந்த திட்டங்களை எடுத்துப் பார்த்தால், பலவற்றில் களப்பயிற்சிக்கு இடம் இருந்திருக்கிறது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் டாக்டர்கள் அபய் பங்கும் ராணி பங்கும் கிராமத்துப் பெண்களுக்குப் பச்சிளம் குழந்தைக் கவனிப்பைக் கற்றுக்கொடுத்தார்கள். எண்ணத் தெரியாத மருத்துவச்சிகளும் குழந்தையின் மூச்சை எண்ணுவதற்காக ஒரு நிமிட மணல் கடிகாரமும் மணிகள் கோத்த ஒரு சின்னக் கருவியும் செய்து கொடுத்தார்கள். படிப்பு இல்லை என்று யாரையும் ஒதுக்காமல் வேலையை அவர்கள் கைக்கு ஏற்ப வடிவமைத்தார்கள். அந்தப் பெண்கள் வேலை செய்த 39 கிராமங்களில், மூன்றாவது ஆண்டில் பச்சிளம் குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்தது. 1999-இல் லான்செட் இதழில் அது வெளியானது. இன்று ஆஷா பணியாளர்கள் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதற்குப் பின்னால் கட்சிரோலியின் அனுபவம் இருக்கிறது.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 1980-இல் மதுரை மாவட்டத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், ஊரிலேயே ஏழை வீட்டில் இருந்துகொண்டு தன் பிள்ளையை ஆரோக்கியமாக வளர்த்த பெண்களைத் தேடிப் பணியாளராக எடுத்தார்கள். மாதாமாதம் குழந்தையை எடை போட்டு, வளர்ச்சி அட்டையில் கோடு போட்டுத் தாய்க்குக் காட்டினார்கள். தொடக்கப் பயிற்சி முடிந்ததும் கைவிட்டுவிடவில்லை. மேற்பார்வையாளர்கள் ஊருக்கே வந்து, எடை போடும் இடத்திலும் வீட்டுச் சந்திப்பிலும் கூட நின்று திருத்தினார்கள். கடும் ஊட்டச்சத்துக் குறைவு கணிசமாகக் குறைந்ததற்கு அந்தக் கூட நிற்றலும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். நம் மாநிலமே செய்து காட்டிய வழி இது.

வகுப்பில் ஒருபோதும் பேசப்படாத ஒன்று இருக்கிறது. சில தெருக்களில் தன்னார்வலரைத் திண்ணைக்கு மேல் ஏற விடுவதில்லை. எந்தத் தெருப் பெண் என்று தெரிந்ததும், பி.பி. பார்க்கக் கை நீட்டாதவர்கள் உண்டு. மாத்திரையைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போகச் சொன்னவர்கள் உண்டு. அந்தப் பெண் இதை மேலதிகாரியிடம் சொல்வதில்லை. அந்த வீட்டைப் பதிவேட்டில் ‘பூட்டியிருந்தது’ என்று எழுதிவிட்டு வந்துவிடுகிறாள். மகாராஷ்டிரத்தின் ஜாம்கேடில் 1970 முதல் வேலை செய்த டாக்டர்கள் ரஜினிகாந்த் அரோலேயும் மேபெல் அரோலேயும் தலித் பெண்களைக் கிராம சுகாதாரப் பணியாளர்களாக்கினார்கள். சாதியையும் பயிற்சியின் பாடமாகவே வைத்தார்கள். இங்கே குறைந்தது முதல் முறையாவது மருத்துவ அலுவலரும் செவிலியரும் அந்தத் தெருவுக்கு அவளோடு சேர்ந்து போக வேண்டும். “இவர் எங்கள் பணியாளர், இவர்தான் உங்களைப் பார்ப்பார்” என்று வாசலில் நின்று சொல்ல வேண்டும். இது மருத்துவ அலுவலரின் கடமை என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

வீடுகளுக்குப் போகும் நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்து மணிக்கு எங்கள் ஊர்களில் வீடுகள் பூட்டிக் கிடக்கும். பெண்கள் நூறு நாள் வேலைக்கோ காட்டுக்கோ போயிருப்பார்கள். இளம் தம்பதிகள் பலர் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்க, பிள்ளைகள் பாட்டிகளிடம் வளர்கின்றன. அதனால் வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்கும் முறையைப் பாட்டிக்குத்தான் சொல்லித்தர வேண்டும். ஒரு பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு என்றால் அவரிடம் லிட்டர் அளவு இல்லை. கடையில் விற்கும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கழுவி வைத்துக்கொள்ளச் சொல்லி, அவர் கையாலேயே ஒரு முறை கரைக்க வைத்தால் மறக்க மாட்டார். துத்தநாக மாத்திரையைப் பேதி நின்ற பிறகும் 14 நாள் முடியும் வரை கொடுக்க வேண்டும் என்பதையும் அவர்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் யார் சொல்லித்தருவது? ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்திலும் செவிலியர் இருக்கிறார். ஆனால் அவருக்குப் பதிவேடும் செயலியும் இணையப் பதிவும் எழுதவே பொழுது போதவில்லை. வாரத்தில் ஒரு நாளை அவருக்கு எழுத்து வேலையே இல்லாத நாளாக அறிவித்து, அன்று முழுக்கத் தன்னார்வலரோடு வீடுகளுக்குப் போகச் சொல்லலாம். காலியாகக் கிடக்கும் செவிலியர் பணியிடங்களை நிரப்ப வேண்டும். என்னைப் போல ஓய்வு பெற்ற செவிலியர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பஸ் காசு கொடுத்துக் கூப்பிட்டால் வரத் தயாராக இருக்கிறோம். ‘எத்தனை வீடு பார்த்தாய்’ என்று மட்டுமே கேட்கும் மாதாந்திரக் கூட்டத்தில், ‘எந்த வீட்டில் உன்னால் பேச முடியவில்லை, ஏன்’ என்ற கேள்வியையும் கேட்க வேண்டும். அந்தத் தாத்தாவைப் பற்றிய கேள்வியைச் சாப்பாட்டு நேரத்தில் தணிந்த குரலில் கேட்கும் நிலை அப்போது இருக்காது.

தொடக்கத்தில் மாதம் 4,500 ரூபாயாக இருந்த தன்னார்வலரின் ஊக்கத்தொகை பிறகு 5,500 ஆனது. ஒரு குடும்பம் இதை வைத்து வாழ முடியாது. நன்கு பழகிய பெண் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கிறது என்று துணிக்கடை வேலைக்குப் போய்விட்டால், அவள் வீடு வீடாகச் சேர்த்து வைத்த நம்பிக்கையும் அவளோடு போய்விடுகிறது. அடுத்து வருபவள் மறுபடி முதல் வாசலிலிருந்து தொடங்க வேண்டும். பயிற்சிக்குச் செலவழிக்கும் அரசு, பயிற்சி பெற்றவரைத் தக்கவைத்துக்கொள்ளவும் செலவழிக்க வேண்டும்.

இதைப் படிக்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் உங்கள் ஊர்த் தன்னார்வலரை எழுந்து பேசச் சொல்லுங்கள். அவருக்கு யார் பயிற்சி கொடுத்தார்கள், கூட வந்து வீடுகளைக் காட்டினார்களா, எந்தத் தெருவில் அவரை உள்ளே விடுவதில்லை என்று கேளுங்கள். வாரத்தில் ஒரு நாள் செவிலியர் அவரோடு ஊருக்குள் வர வேண்டும் என்று தீர்மானம் போட்டு வட்டார மருத்துவ அலுவலருக்கு அனுப்புங்கள். உங்கள் வீட்டுக்கு அவர் வரும்போது உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள். மாத்திரை சாப்பிடவில்லை என்றால், சாப்பிடவில்லை என்றும் ஏன் என்றும் அவரிடம் உண்மையைச் சொல்லுங்கள்.